அம்மா சேர்த்துவிட்ட சட்டக் கல்லூரி

கல்லூரி முடிந்ததும் ஒரு வருடம் சும்மா இருக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். சட்டம் படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் சேர்கிறேன் என்றுதான் சொன்னேன். மூன்று வருடம் வேதியியல் படித்து, ஆய்வகப் புகையில் தொண்டை எரிந்து, நின்றுகொண்டே பேருந்தில் போய்வந்து எனக்கு அலுத்திருந்தது. வக்கீல் ஆவது என் ஆசைதானா, இல்லை எட்டாம் வகுப்பிலிருந்து வீட்டில் சொல்லிச் சொல்லி என் ஆசை போல் ஆகிவிட்டதா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும் போல் இருந்தது. அதற்கு ஒரு வருடம் கேட்டேன்.

அம்மா கேப்பைக் களி கிளறிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"சும்மாவா? வயசுப் பொண்ணு வூட்ல சும்மா உக்காந்துகினு இருந்தா தெருவுல இன்னான்னு கேக்கமாட்டாங்க? அடுத்த நாளே ஒருத்தன் மாப்பிள்ளைன்னு வந்து நிப்பான். அப்புறம் ஏது லா, ஏது கோர்ட்டு?"

அப்பா கொத்தனார். வேலையிலிருந்து வந்து காலில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "ஒரு வருசந்தானே கேக்குது, இருந்துட்டுப் போவட்டும்" என்றார். அம்மா பதில் பேசவில்லை. பேச்சு முடிந்தது என்று நான் நம்பினேன். அம்மா பதில் பேசாமல் விட்ட எந்த விஷயமும் முடிந்ததில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு அத்தை லட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். உறவு இல்லை, தெருப் பழக்கத்தில் அத்தை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மில்லில் வேலை செய்கிறவள், அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். வந்தவள் என் வாயில் லட்டைத் திணித்தாள்.

"திண்டிவனத்துல லா காலேஜ்ல சேந்துட்டியாமே! அம்மா சொன்னாங்க. நம்ம தெருவுக்குன்னு ஒரு வக்கீல் இருந்தா இனிமே ஸ்டேஷன் வாசல்ல கையக் கட்டிகினு நிக்க வேணாம் பாரு."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா அத்தைக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டாள்.

எங்கள் ஊரான விழுப்புரத்திலேயே சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆனால் அங்கே சேர்ந்துவிட்டதாகச் சொன்னால் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் பொய்க்குக்கூட ஒரு மணி நேரப் பயணத்தில் இடம் பிடித்திருந்தாள். சண்டை போட்டேன், கத்தினேன். "ஒரு வருசந்தானே" என்று அப்பா சொன்ன அதே வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தாள். அடுத்த வருடம் நிஜமாகவே சேரப் போகிறவள், ஒரு வருடம் முன்னாடி சொன்னால் என்ன குறைந்துவிடும் என்பது அவள் வாதம். வீட்டில் வக்கீலாகப் பிறந்தது அவள்தான் என்று எனக்கு அன்றே தோன்றியது.

எங்கள் காலனியிலிருந்து அதுவரை கோர்ட்டுக்குள் போனவர்கள் சாட்சியாகப் போனார்கள், இல்லையென்றால் கூண்டில் நிற்கப் போனார்கள். அதனால் அந்தப் பொய் தெருவில் எவ்வளவு தித்தித்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால் வெறுப்பு குறைந்ததா என்றால், அதுவும் இல்லை.

வெள்ளைச் சுடிதாரும் கறுப்பு பேன்ட்டும் வந்தன. அம்மாவின் தம்பி, என் மாமா, தன் பைக்கின் முன்னால் வக்கீல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டார். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். குடும்பத்தில் ஒருவர் வக்கீல் என்றால் சித்தப்பா, மச்சான், மச்சானின் கூட்டாளி என்று அத்தனை வண்டியிலும் ஸ்டிக்கர் ஏறிவிடும். ஹெல்மெட் இல்லாமல் போனாலும் போலீஸ் கை காட்டாது என்று ஒரு நம்பிக்கை. ஆனால் சட்டக் கல்லூரி வாசலையே மிதிக்காத ஒருத்தியை நம்பி ஒட்டியவர் என் மாமா ஒருவராகத்தான் இருப்பார். "அதெல்லாம் நாளைக்கு ஆவறதுதானே பாப்பா, இன்னைக்கே ஒட்டிட்டேன்" என்றார். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாய் கசந்தது.

ஆக, சும்மா இருக்க நான் கேட்ட வருடத்தில் தினமும் காலையில் குளித்து, வெள்ளையும் கறுப்பும் உடுத்தி, டிபன் பாக்ஸோடு திண்டிவனம் பேருந்தில் ஏறினேன். முதல் சில நாள் திண்டிவனம் பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூத்திர நாற்றமும் பழைய எண்ணெயில் போண்டா வேகிற வாடையும் மதியத்துக்குள் துணியில் ஏறிவிடும். ஒரு பெண் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஆண்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை அங்கே தெரிந்துகொண்டேன். ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எதிரே பார்த்தபடி, "ரூம் போடலாமா?" என்று கேட்டான். எழுந்து முதலில் வந்த டவுன் பஸ்ஸில் ஏறினேன். அது பிரம்மதேசம் போகிற பஸ்.

அப்படித்தான் அந்தப் பழைய கோயில் எனக்குக் கிடைத்தது. சோழர் காலத்துக் கோயில். சுவரெல்லாம் கல்வெட்டு, கூரையெல்லாம் வவ்வால். பிரகாரத்தில் நிழலான ஒரு மூலை இருந்தது. அதுதான் என் வகுப்பறை. வவ்வால் எச்சத்தின் நெடி மூக்கில் குத்தும். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை அந்த நெடியிலேயே தின்றேன். காவலுக்கு இருந்த பெரியவர் ஒருநாள், "கல்வெட்டுப் படிக்க வந்திருக்கியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்வது அம்மாவுக்கு மட்டும்தான் வரும் என்றில்லை. எனக்கும் வாய் கூசாமல் வந்தது. அன்று முழுக்க என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

போனை அணைத்து வைக்கச் சொன்னதும் அம்மாதான். "கிளாஸ்ல இருக்கிற பொண்ணு போனை எடுக்குமா? பக்கத்துல யாராவது இருக்கும்போது நான் அடிச்சி நீ எடுத்துட்டா அசிங்கமாயிடும்." பேருந்தில் ஏறியதும் அணைப்பேன். திரும்பி வந்து இறங்கியதும்தான் போடுவேன்.

சாயங்காலம் வீட்டில் பெண்கள் யாராவது உட்கார்ந்திருந்தால், "இன்னைக்கு இன்னா நடத்துனாங்க?" என்று அம்மா கேட்பாள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். நாடகம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "இன்னைக்கு இன்னா நடத்துனாங்க?"

கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முகத்தை நிமிர்த்திப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வவ்வாலைப் பத்தி நடத்துனாங்க" என்றேன்.

"பேஜாரு பண்ணாத. சொல்லு."

எழுந்து பின்பக்கம் போய் நின்றுவிட்டேன். ஊரை ஏமாற்றுகிறவளோடு ஒரு வீட்டில் இருந்துவிடலாம். தன் பொய்யைத் தானே நம்பத் தொடங்கிவிட்டவளோடு எப்படி இருப்பது?

இப்படியே மழைக்காலம் போனது, பொங்கலும் போனது. யோசிக்கக் கேட்ட வருடத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே இருக்கவில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய மாதம். ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் தெருவுக்குள் நுழைந்தேன். எங்கள் வீட்டுப் படியில் அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் குடித்துவைத்த டீ கிளாஸ்கள். தெருப் பெண்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா, "இதோ வந்துட்டா பாரு" என்றாள்.

அத்தை ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை ஈரமாக இருந்தது.

"பாப்பா, ஜல்தி வா. எங்க வூட்டுக்காரரப் புடிச்சிகினு போய்ட்டாங்க. ஆட்டோ ஸ்டேண்டுல சவாரி எடுக்கிற தகராறு. சண்டை போட்ட எதிராளுக்கு மண்டையில அடி. காலைலயே ஸ்டேஷன்ல இட்டுகினு போய் உக்கார வச்சிட்டாங்க."

"காலைல இருந்தா? வக்கீல் யாரையும் பாக்கலையா அத்தை?"

"கோர்ட்டாண்ட ஒருத்தர் இருக்காராம், போய்ப் பாக்கலாம்னு கெளம்பினேன். உங்கம்மாதான், நம்ம பொண்ணே இருக்கும்போது வெளியாளு எதுக்கு, கிளாஸ் முடிஞ்சி வந்துடும்னு சொன்னாங்க. அதான் இங்கயே உக்காந்துகினு இருக்கேன். உன் மாமன்கூட வண்டிய எடுத்துகினு ஸ்டேஷனுக்குப் போயி, வக்கீல் வந்துகினு இருக்காங்கன்னு சொல்லிகினு நிக்குது."

நான் அம்மாவைப் பார்த்தேன். பகல் முழுக்க, எல்லாம் தெரிந்த ஒருத்தி, எதுவும் தெரியாத ஒருத்திக்கு டீ போட்டுக்கொடுத்து உட்கார வைத்திருந்தாள். அம்மா என்னை நேராகப் பார்த்தே சொன்னாள்:

"கிளாஸ் இப்பதான் முடிஞ்சுதா?"

வெங்காயம் உரித்தபோது கேட்ட அதே குரல். அவள்மேல் அதுவரை வந்தது கோபம்தான். அன்று வந்தது அருவருப்பு. பெற்ற தாயைப் பார்த்து அப்படி ஒன்று வரும் என்று நான் நினைத்ததில்லை.

"அத்தை, நான் லா காலேஜ்ல சேரவே இல்ல. தினமும் பிரம்மதேசம் கோயில்ல போயி உக்காந்துட்டு வர்றேன். அம்மாவுக்குத் தெரியும்."

அத்தை முதலில் சிரிக்கப் பார்த்தாள். இந்த நேரத்தில் இப்படி ஒரு கிண்டலா என்பதுபோல. பிறகு என் கையை விட்டாள். என் வெள்ளைச் சுடிதாரைக் கழுத்திலிருந்து கீழே வரை பார்த்தாள்.

"அப்ப இத எதுக்கும்மா போட்டுகினு போற?"

அம்மாதான், "அடுத்த வருசம் சேரப் போறவதானே" என்று தொடங்கினாள். அத்தை காதில் வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

வேலையிலிருந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டதும் கால்கூடக் கழுவவில்லை. தான் வேலை செய்த வீட்டுக்காரர் ஒருவர் மூலமாக ஒரு வக்கீலைப் பிடித்து வழியில் அத்தையையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். நானும் பின்னாலேயே போய் வெளியே நின்றேன். அதற்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய்விட்டார்கள். "காலையிலயே வந்திருந்தா இங்கயே ஜாமீன் பேசிப் பாத்திருக்கலாமேம்மா. பகல் பூரா இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்று வக்கீல் அத்தையிடம் கேட்டார். என்னைக் கை காட்டியிருக்கலாம். அவள் அதைச் செய்யவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியின் மேல் சாய்ந்து மாமா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தையின் வீட்டுக்காரர் அடுத்த வாரம்தான் வெளியே வந்தார். வந்தபோது ஆட்டோ ஸ்டேண்டில் அவர் இடத்தில் வேறு வண்டி நின்றது. இப்போது வளவனூர்ப் பக்கம் ஓட்டுகிறார்.

அம்மா என்னோடு மாதக்கணக்கில் பேசவில்லை. பொய் சொன்னதற்காக இல்லை, நான் உண்மையைச் சொன்னதற்காக. "நாலு பேர் எதிர்ல என் மானத்த வாங்கிட்டா" என்று அப்பாவிடம் அழுதாள். அந்த அழுகை நிஜம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாமா ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை. இனிமேல் வேண்டியிருக்கும் என்றார்.

அந்த ஸ்டேஷன் வாசலில் நின்றபோதுதான் சட்டம் படிக்க முடிவெடுத்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. மீதி மாதங்களை வீட்டிலேயே இருந்து கழித்தேன், நான் கேட்டபடியே சும்மா. தெருவில் தலை நிமிர்த்தி நடக்க முடியவில்லை. அலமாரியைத் திறந்தால் அந்த வெள்ளைச் சுடிதார் தொங்கியது. அதை அப்படியே பொய்யாக விட்டுவிட எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அந்த வெறுப்பில்தான் விண்ணப்பம் போட்டேன். விழுப்புரத்திலேயே இடம் கிடைத்தது.

முதல் நாள். உடை புதிது, பழையதைத் தொடவில்லை. பையில் கல்லூரியின் அடையாள அட்டை இருந்தது. தெருக் குழாயடியில் அத்தை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று சொல்லிவிட வேண்டும், அட்டையைக் காட்டிவிட வேண்டும் என்று பையின் ஜிப்பைத் திறந்தபடியே அருகில் போனேன். அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். என் உடையைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. கடைக்கா, வேலைக்கா என்று யாரையும் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"கோயிலுக்கா?"