புத்தளத்துப் பாங்கு

தொலைபேசித் திரையில் மைக்கை அணைக்கும் சிறு பொத்தானைப் பார்க்கும்போதெல்லாம் புத்தளம் டீச்சரின் நினைவு வரும். நான் நடத்திய ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சியில் என் குழுவில் இருந்த நால்வரில் அவரும் ஒருவர். மற்ற மூவரும் கிழக்குக் கரையில் எங்கள் கல்முனைப் பக்கத்துப் பெண்கள். திரைவழியே கூடிப் படிப்பவர்களுக்குள் எவ்வளவு நெருக்கம் உண்டாகிறது என்று அப்போது ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அதை அளக்க ஒரு படிவமும் வைத்திருந்தேன். 'குழுவிலுள்ளவர்கள் என்னை அறிவார்கள்' என்ற வரிக்கு ஐந்துக்கு ஒன்று போட்டிருந்தார் டீச்சர். "கமெரா மூடின கறுத்த பெட்டிகளோட கதைக்கிற மாதிரி இருக்கு மிஸ். நான் விலகப் போறேன்" என்றார். பயிற்சியை முடிக்காவிட்டால் நியமனம் நிரந்தரமாகாது என்று தெரிந்தும்தான் சொன்னார். நானோ ஆய்வுக்கு நல்ல தரவு கிடைத்ததென்று உள்ளூர மகிழ்ந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அது நோன்பு மாதம். அவர்கள் செய்துகாட்ட வேண்டிய ஒப்படை ஒன்று இழுபட்டு, வகுப்பு அந்தித் தொழுகையான மஃரிப் வரை நீண்டது. என் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். கல்முனையை ஒட்டிய சாய்ந்தமருதில் என் வீட்டருகே பள்ளிவாசலில், நோன்பு துறக்கும் நேரமாகிவிட்டதென்று சொன்ன பாங்கு எல்லோர் காதிலும் விழுந்தது. அன்று புத்தளம் டீச்சரின் கமெரா திறந்திருந்தது. கையில் ஆயத்தமாக வைத்திருந்த பேரீச்சம்பழத்தை அவர் வாயில் போடுவதைப் பார்த்தோம். புத்தளம் இருக்கும் மேற்குக் கரையில் பொழுதுபட இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. "டீச்சர், அது இஞ்சத்தப் பாங்கு" என்று குழுவிலிருந்த மருதமுனை டீச்சர் சொல்வதற்குள் விழுங்கியாகிவிட்டது. பகல் முழுவதும் பிடித்த நோன்பு முறிந்துவிட்டதே என்று அவர் கண் கலங்கினார்.

"பிழை என்ட மேலதான்" என்றேன். மருதமுனை டீச்சர் குறுக்கிட்டார். "அழாதீங்க டீச்சர். விடுபட்ட நோன்பு எங்களுக்கும் கிடக்குத்தானே. பெருநாளைக்குப் பொறகு ஒரு நாள் பாத்து எல்லாரும் ஒண்டாக் கழாப் புடிப்பம்."

சொன்னபடியே ஒரு திங்கட்கிழமை எல்லோரும் விடுபட்டதற்கு ஈடாக நோன்பு பிடித்தோம். மாலையில் திரைக்கு முன் கூடினோம். எங்கள் பாங்குக்கு ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு துறந்துவிட்டு, கஞ்சியைத் தொடாமல் இருந்தோம். இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, யாரும் எழும்பவுமில்லை. டீச்சரின் மைக் வழியே புத்தளத்துப் பாங்கு கேட்டு, அவர் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தைக் கடித்த பிறகுதான் கோப்பைகளை எடுத்தோம். கஞ்சி ஆறிப்போயிருந்தது.

டீச்சர் விலகவில்லை, பயிற்சியை முடித்தார். இறுதியில் அனுப்பிய இரண்டாவது படிவத்தை மட்டும் நிரப்பவேயில்லை. "மறந்துட்டேன் மிஸ். இனியும் அது வேணுமா?" என்று சிரித்தார். நானும் அதை மறுபடி அனுப்பவில்லை. என் ஆய்வில் அவர் இன்னும் முதல் படிவத்தில் போட்ட அந்த ஒன்றோடுதான் இருக்கிறார்.

இந்த வருட நோன்பிலும் ஒரு மாலை வேறு குழுவோடு வகுப்பு நீண்டது. மஃரிபுக்கு முன்பே கவனமாக மைக்கை அணைத்தேன். பேரீச்சம்பழத்தோடு துறந்துவிட்டுக் காத்திருந்தேன். சில நிமிடங்களில் எங்கள் பழைய குழுவின் வாட்ஸ்அப்புக்குப் புத்தளம் டீச்சரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அதில் பேச்சில்லை, பாங்கு மட்டும். கேட்டு முடித்துவிட்டுக் கஞ்சிக் கோப்பையை எடுத்தேன்.