மைக் போட இடமில்லாத ஆம்ப்

என் மச்சானுக்குத் தொண்டை கட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் என் மனைவியின் அண்ணன், நானுஓயாவுக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிடுவதும், கொழுந்து எடுக்கும் பெண்களை மலையின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்குச் சத்தம் போட்டு நகர்த்துவதும் அவர் வேலை. நாள் முழுவதும் கத்துகிற மனிதருக்குத் தொண்டை கட்டியதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தார்.

சனி, ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வாசித்து வந்தோம். பின்னேரம் மூன்றிலிருந்து ஆறு மணி வரை, டீ குடிக்க வருகிறவர்களுக்காக. நான் கிட்டார், அவர் பாட்டு. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கிட்டார் மாதா கோயில் பாட்டுக் குழுவில் பழகியது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. மச்சான் பக்கத்தில் இருந்ததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. விருந்தாளிகளுக்கு வணக்கம் சொல்வது, என்ன பாட்டு வேண்டும் என்று கேட்பது, சமையல்கட்டில் எங்களுக்குச் சாப்பாடு கேட்பது எல்லாம் அவர்தான்.

"கிட்டார்ல ஆறு கம்பியும் பேசுது. நம்ம மாப்ளைக்கு இருக்கிறது ஒரே ஒரு நாக்கு, அதுவும் லீவுல போயிருக்கு" என்று மைக்கில் சொல்வார். அதையே சிங்களத்திலும் சொல்லுவார். விருந்தாளிகள் சிரிப்பார்கள். நான் குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருப்பேன்.

ஹோட்டலின் ஸ்பீக்கர் செட்டைப் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்கு மாற்றினார்கள். மேனேஜர் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். அவர் சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார்.

"சின்னப் பெட்டி ஒன்னு நீங்களே வாங்கிட்டு வாங்க. கிட்டார் மட்டும் போதும். பாட்டு எபா, வேணாம். அண்ணன்ட சத்தம் இப்ப சரியில்ல, ஆக்கள் கதைக்கிறத நிப்பாட்டித் திரும்பிப் பாக்குறாங்க. நீங்களே அண்ணனுக்குச் சொல்லுங்க."

சரி சார் என்றேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மச்சானிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டியை நாமே வாங்க வேண்டுமாம், வாங்கிய பிறகு வந்தால் போதுமாம். பாட்டு வேண்டாம் என்பதைச் சொல்லவில்லை.

அவருக்கு ஒரே சந்தோஷம். "நல்லதுதான். அவன் செட்டுல என் சத்தம் கரகரன்னுதானே வந்திச்சு. நல்ல பெட்டியா ஒன்னு வாங்கு, மைக்குக்குத் தனி எடம் இருக்கிறதா. அப்பப் பாரு."

அதன் பிறகு மூன்று வாரம் அதே பேச்சுதான். எனக்கு வேண்டியது எனக்குத் தெரியும். லயத்து வரிசை வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறிவர அரை மைல். கிட்டாரை முதுகில் போட்டுக்கொண்டு ஒரு கையில் தூக்குகிற பாரமாக இருக்க வேண்டும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓட வேண்டும். பெரிய ஆம்பைச் சின்ன அறையில் வைத்துச் சத்தத்தைக் குறைத்தால் ஓசை செத்துப்போகும். சின்ன ஆம்பைப் பாதி வரை திறந்தால்தான் கம்பி உயிரோடு கேட்கும். இவ்வளவையும் யோசித்தேன். இதற்கு அடியில் இன்னொரு யோசனையும் இருந்தது. கிட்டார் மட்டும் போடுகிற ஆம்ப் ஒன்றை வாங்கிவிட்டால், நான் எதுவும் சொல்லாமலே மச்சானுக்குப் புரிந்துவிடும்.

கண்டியில் அவருக்குக் கிளினிக் இருந்த நாளில் இரண்டு வேலையையும் முடிப்பது என்று போனோம். முந்தின மாதம் தொண்டைக்குள் குழாய் விட்டு, கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று அதன் முடிவு சொல்லும் நாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். கையில் ஒரு மஞ்சள் அட்டை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "மாத்திர எழுதியிருக்காங்க. வா, பெட்டி பாக்கப் போவோம்" என்றார். முகத்தில் வித்தியாசம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. நான் சரியாகப் பார்க்கவும் இல்லை. கடையில் செய்யப்போவதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் நரைத்த தாடி வைத்த முஸ்லிம். எத்தனை பேர் இருக்கிற இடம் என்று என்னைக் கேட்டார்.

"அவர்ட்ட கேட்டா நாளைக்குத்தான் பதில் வரும் மொதலாளி" என்றார் மச்சான். "முப்பது பேரு இருப்பாங்க. டீ குடிக்கிற எடம். ஒரு கிட்டாரு, ஒரு பாட்டு."

கடைக்காரர் இரண்டு ஆம்பை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று நடுத்தரம், தோளில் மாட்ட வார் போட்டது, கிட்டாருக்கும் மைக்குக்கும் தனித்தனி இடம் உள்ளது. மற்றது பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். கடைக் கிட்டாரைச் செருகி இரண்டிலும் வாசித்துப் பார்த்தேன். இரண்டுமே எனக்குப் போதும். பாரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. பேட்டரி இரண்டிலும் இருந்தது.

மச்சான் மைக்கைக் கேட்டு வாங்கி நடுத்தர ஆம்பில் போட்டுப் பாடினார். எப்போதும் முதலில் பாடுகிற பாட்டு. நான் பக்கத்தில் வாசித்தேன். ஹோட்டலில் பேச்சுச் சத்தத்தில் மறைந்திருந்ததெல்லாம் அந்தச் சின்னக் கடையில் வெளியே வந்தது. பாட்டுக்கு முன்னால் மூச்சு கேட்டது. மேலே போகும் இடத்தில் குரல் இல்லை, காற்று மட்டும் வந்தது. கடைக்காரர் கையை நீட்டிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம். மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது அடியையும் பாடி முடித்தார்.

"நல்ல பெட்டி" என்றார். "ஒளிக்காம உள்ளபடி சொல்லுது. இதையே எடு மாப்ள."

நான் சின்னதைக் காட்டினேன். "இது போதும்."

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் பார்த்தார். "மைக் போட எடமில்லியே."

"பாரம் கம்மி மச்சான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கடைக்காரர் பக்கம் திரும்பி, வயர் புதிதாகப் போட்டுத் தரச் சொன்னார். மழைக்கு உறை இருக்கிறதா என்று கேட்டார். பழுதுபட்டால் எத்தனை நாளில் திருத்திக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். நான் கேட்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆம்பை மடியில் வைத்துக்கொண்டார். இறம்பொடை வரை வளைவுகளில் பெட்டி சரியாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மேனேஜரு எப்ப சொன்னாரு?"

"மூணு வாரமாச்சு மச்சான்."

"பாட்டு வேணாம்னா?"

"ம்."

"அத எங்கிட்ட சொல்றதுக்கு கண்டிக்குப் போயி ஒரு பெட்டி வாங்கணுமா ஒனக்கு?"

பஸ் இரண்டு வளைவு ஏறியது.

"எனக்குந்தான் காலையில ஒன்னு சொன்னாங்க" என்றார். "தொண்டையில இருக்கிறது கெட்டதாம். கொரல்வளைய எடுக்கணுமாம். அடுத்த மாசம் வந்து படுக்கச் சொல்லியிருக்காங்க. அதுக்குப் பெறகு பேச்சு வராது. மூச்சு விடக் கழுத்துல ஓட்ட வைப்பாங்களாம்."

நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் கைப்பிடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தது.

"நடுவுல நாலு சனிக்கெழம இருந்திச்சு. பாடிட்டுப் போயிரலாம்னு பாத்தேன்."

"எறங்குவோம் மச்சான். திரும்பிப் போயி மாத்திட்டு வருவோம்."

"பெட்டிய மாத்தலாம். மேனேஜரையும் மாத்துவாரா அந்த மொதலாளி?" சிரிக்கப் பார்த்தார், அது இருமலாகப் போனது. "விடு மாப்ள. ஒத்தையா வாசிக்க ஒனக்கு இந்தப் பெட்டிதான் சரி."

அந்தச் சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. மூலையில் ஒரு நாற்காலியில் ஆம்பை வைத்து, சத்தத்தைப் பாதியில் நிறுத்தி, அவர் பாடுகிற பாட்டுகளையே வரிசையாக வாசித்தேன். அந்த அறைக்கு அதைவிடப் பொருத்தமான ஆம்ப் கிடைக்காது. கம்பி ஓசை மேசைகளுக்கு மேலே போகவும் இல்லை, கீழே விழவும் இல்லை. எல்லாரும் பேசிக்கொண்டே டீ குடித்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் தூரத்திலிருந்து தலையை ஆட்டினார்.

அந்த நாலு வாரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். மச்சான் வீடு எங்கள் லயத்திலேயே ஆறு கதவு தள்ளி. பாட மைக் வேண்டியதில்லை, ஆம்ப் வேண்டியதில்லை, ஹோட்டலும் வேண்டியதில்லை. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆறு கதவு நடந்தால் போதும்.

"கிட்டார எடுத்துக்கிட்டு அண்ணன் வீட்டுக்குத்தான் போங்களேன்" என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். ஒரு நாள் போனேன், கையை வீசிக்கொண்டு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அவரை ஏற்கெனவே பெரட்டிலிருந்து நிறுத்தி வேறு ஆளைப் போட்டிருந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். கொஞ்ச நேரம் நானும் டிவி பார்த்துவிட்டு வந்தேன். நான் செய்தது அவருக்குத் தெரியும் என்பதால், கிட்டாரோடு அவர் முன்னால் உட்கார எனக்கு முகமில்லை. வெட்கப்பட்டே நாலு சனிக்கிழமையையும் கழித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் வேன் மேலே ரோட்டில் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டும்போது நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பெட்டியத் தரையில வைக்காத மாப்ள. ஈரம் ஏறும். பலக போட்டு மேல வையி."

அவர் குரலில் நான் கேட்ட கடைசிப் பேச்சு அது. இப்போது உயிரோடு இருக்கிறார். வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டுகிறார்.

அன்று வாசலில் சரி மச்சான் என்று மட்டும் சொன்னேன். ஏதாவது கேட்டிருக்கலாம். எவ்வளவு உயரத்தில் வைப்பது என்றாவது கேட்டிருக்கலாம். இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பார்.