என் முறைக்கு வந்த வசனம்

போன வாரம் கேளம்பாக்கத்தில் மகள் வீட்டுக் குளியலறையில் குழாய் ஒழுகியது. வந்த பிளம்பர் பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்தார், நாலு சுற்று சுற்றினார், திருகினார், போய்விட்டார். நான் ஸ்டூலைப் போட்டு வேடிக்கை பார்க்க உட்காருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எங்கள் காலத்தில் சணலைப் பிரித்து குழாய் முனையின் திருகு மரையில் சுற்றி, மேலே வெள்ளைப் பெயிண்டைத் தடவுவோம். எத்தனை சோப்புப் போட்டாலும் இரண்டு நாளைக்கு அந்த வாசனை கையை விடாது. சோற்றில் மணக்கும். ஒரு வேதப்புத்தகத்தில்கூட மணந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன், குழாயைப் பார்த்ததும் வாய் அந்தப் பக்கம் போய்விட்டது.

தொண்ணூறுகளில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் குடியிருந்த டவுன்ஷிப்பில் எனக்குக் குழாய் வேலை. உப்புக்காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும், அதனால் வேலைக்குக் குறைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருநெல்வேலிக்கார இன்ஜினியர் சார் வீட்டில் சமையலறைக் குழாயைப் பார்க்கப் போனேன். ஹாலில் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்து ஜெபக்கூட்டம். நானும் கிறிஸ்தவன்தான், அச்சரப்பாக்கத்துப் பக்கம். அது தெரிந்ததும் சாருடைய சம்சாரம், பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, பிறகு குழாயைப் பார்க்கலாம் என்று சொல்லி ஒரு நாற்காலியைக் காட்டினார். கையில் ஒரு வேதப்புத்தகத்தையும் வைத்தார்.

அந்தக் கூட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு வசனம், வரிசையாக வாசித்துக்கொண்டே வரவேண்டும். முறை என்னிடம் வந்தது. நல்லவேளை, அது மேய்ப்பனைப் பற்றிய சங்கீதம், வேதத்தில் வருகிற பாட்டு. சின்ன வயதிலேயே காதில் விழுந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். வாசிப்பு தெளிவாக இருக்கிறது என்று சார் பாராட்டினார்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வாசலை நான் மிதித்ததில்லை. இதைக்கூட நான் சொல்ல, வேறொருவர்தான் எழுதுகிறார். ஆனால் பாராட்டு இனித்தது. தலையை ஆட்டினேன், உண்மையைச் சொல்ல இருந்த கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த வாரத்திலிருந்து நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம் என்றார் சார். வேதத்திலேயே நீளமானது அதுதான். எட்டு எட்டு வசனமாக இருபத்திரண்டு கட்டு, ஒவ்வொரு கட்டின் தலையிலும் ஒரு எபிரெய எழுத்தின் பேர், ஆலெப், பேத் என்று. வாரம் ஒரு கட்டு. என்னையும் கட்டாயம் வரச் சொன்னார். தமிழ் எழுத்தே தெரியாதவனுக்கு எபிரெய எழுத்தில் அடி எடுத்துக்கொடுத்தார்.

என் சம்சாரம் சாலோமி ஐந்தாவது வரை படித்தவள். அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படிப்பாள், நான் பின்னாலேயே சொல்வேன். எனக்கு எந்த வசனம் விழும் என்று தெரியாதே, அதனால் எட்டையும் மனசில் பிடிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகப் போய், தலைகளை எண்ணி, தோதான நாற்காலியில் உட்காருவேன். யாராவது தாமதமாக வந்து நடுவில் உட்கார்ந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

அந்தச் சங்கீதத்தில் அப்படி என்ன இருக்கிறது என்பீர்கள். ஒரு மனுஷன் ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். உன் வார்த்தை நல்லது, உன் கட்டளை நல்லது, உன் பிரமாணம் நல்லது. மாமனார் வீட்டுப் பெருமை பேசுகிறவனைப் போல இருக்கிறதே என்று முதலில் சலிப்புத்தான். பிறகு பாருங்கள், சிங்க்குக்கு அடியில் மல்லாந்து கிடந்து நட்டைத் திருகும்போது வசனம் தானாக வாயில் வரும். தேனைவிட இனிப்பு என்கிறான் அவன். தேன் அளவுக்கா என்று எனக்குத் தெரியாது, ஆனால் முழங்கை வலி மறந்தது உண்மை. பயத்தில் படிக்க ஆரம்பித்தேன். எந்த வாரத்தில் அது ஆசையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

நாலாவது கட்டு வந்தபோது சாலோமி கரண்டியை நிறுத்திவிட்டாள். பொய் வழியை என்னைவிட்டு விலக்கு என்று அவன் கேட்கிற இடம் அது.

"இன்னாய்யா, இத எப்படி அங்க சொல்லப் போற?" என்றாள். "புக்க மூஞ்சிக்கு நேரா புடிச்சிகினா?"

அது ஐந்தாவது வசனம். நான் ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா, குழந்தை அழுகிறதென்று எழுந்து போனார். வசனம் நேராக என் மேல் விழுந்தது. சொன்னேன். புத்தகத்தை மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான்.

இப்படியே கடைசிக் கட்டு வந்தது. அன்றைக்குச் சாருடைய தம்பி ஊரிலிருந்து புதுப் புத்தகங்கள் கொண்டுவந்திருந்தார். எளிய தமிழில் திருப்பியது, ஆளுக்கு ஒன்று. எனக்கு அட்டைதான் புதிதாகத் தெரிந்தது. உள்ளே வார்த்தையெல்லாம் மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு முன்னால் ஏழு பேர் வாசிக்க, அது என்னமோ வேறு மாதிரி காதில் விழுந்தது. ஆனால் என் கவனம் என் வசனத்தில்தான். எட்டாவது வசனத்தைப் பழைய வார்த்தையிலேயே மணிமணியாகச் சொன்னேன்.

டீச்சரம்மா நிமிர்ந்தார். "அண்ணே, இதுல அப்படி இல்லையே. நீங்க எந்தப் பைபிள வச்சிருக்கிய?"

என் கையிலும் அதே புதுப் புத்தகம்தான். சார் சிரித்துவிட்டார். அண்ணனுக்குப் பழையது மனப்பாடம், அதான் புதுசு வாயில் நுழையவில்லை என்றார். இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குச் சர்ச்சுக் கோயிலில் எல்லோர் முன்னாலும் வேதபாடம் அண்ணன்தான் வாசிக்கணும் என்றும் சொல்லிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் அப்போது சொல்லி முடித்திருந்த வசனம் எது தெரியுமா? நேசிக்கிறேன், கைக்கொள்கிறேன் என்று நூற்று எழுபத்தைந்து வசனம் பேசியவன், கடைசியில் காணாமல் போன ஆட்டைப் போல வழி தப்பிவிட்டேன், என்னைத் தேடு என்கிறான். நானே வந்துவிடுகிறேன் என்று சொல்லவில்லை. அவனாலும் முடியவில்லை போலிருக்கிறது.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார்," என்றேன். "ஒரு எழுத்துகூட."

"அப்போ இத்தனை வாரம்?"

"வூட்ல பொஞ்சாதி படிச்சா. நான் புடிச்சிகினேன்."

யாரும் திட்டவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை. டீச்சரம்மா காபி கொண்டுவந்தார். வழக்கத்தைவிடச் சர்க்கரை தூக்கல்.

அடுத்த ஞாயிறு அடுத்த சங்கீதம். சின்னதுதான், சாலோமி முந்தின நாளே எனக்குப் படித்துக் காட்டிவிட்டாள். எனக்கு முந்தினவர் முடித்தார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு அடுத்தவர் வாசிக்க ஆரம்பித்தார். முன்னமே பேசி வைத்திருக்கிறார்கள், எனக்குச் சங்கடம் வரக்கூடாதென்று. "அண்ணன் கேட்டுக்கிடட்டும்" என்று சார் என் தோளைத் தட்டினார். புத்தகம்கூடக் கையில் தரவில்லை. வசனத்தை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பாவது பொய்யில் மாட்டியிருந்தேன், வெளியே வர ஒரு வழி இருந்தது. அவர்களுடைய நல்ல மனசிலிருந்து எப்படி வெளியே வருவது? நாலு வாரம் போனேன். பிறகு வேலை என்று சொல்லி நின்றுவிட்டேன்.

சாலோமி ஒரு வாரம் பொறுத்தாள்.

"அவங்க உன் மொறைய குடுக்கலன்னா இன்னா, நான் குடுக்கறேன். உக்காரு," என்றாள்.

அன்றிலிருந்து அவள் ஒரு வசனம் படிப்பாள், நான் ஒன்று சொல்வேன். ஒற்றைப்படை அவளுடையது, இரட்டைப்படை என்னுடையது. பல வருஷம் அப்படி ஓடியது. இதற்கிடையில் சார் மாற்றலாகிப் போனார். அந்த வட்டத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். இப்போது கோயிலில் வசனத்தைச் சுவரில் வெளிச்சமாகப் போடுகிறார்கள், எல்லோரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். யாருக்கும் முறை என்று ஒன்று கிடையாது.

சாலோமி போய் மூன்று வருஷம் ஆகிறது. சாயங்காலம் உட்கார்ந்தால் அந்த நீளச் சங்கீதத்தைத்தான் எடுக்கிறேன். அவளுடைய வசனங்களும் எனக்கு மனப்பாடம்தான், ஆனால் சொல்வதில்லை. அவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, அப்புறம் என்னுடையதைச் சொல்கிறேன்.