துரை ஜீப்பின் கீச்சுச் சத்தம்

இலங்கை மலைநாட்டில் வட்டவளைப் பக்கம் அழகுமுத்துவைப்போல ஜீப்பைப் பார்த்துக்கொண்ட டிரைவர் கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், வெட்கங்கெட்டவர்கள்.

தொண்ணூற்றேழில் அவர் தோட்டத்து மேனேஜரான துரையின் ஜீப்பை ஓட்டினார். அந்த எஞ்சினில் காற்றாடி, தண்ணீர் பம்ப், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டனேட்டர் மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுற்றும். ஆல்டனேட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, கம்பியால் நெம்பி, பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். அரை அங்குலம் அமிழ்ந்தால் போல்ட்டை முறுக்கிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அவருக்கு.

ஒரு மழைக்காலத்தில் பெல்ட் தானாகத் தளர்ந்து, மேட்டில் ஏறும்போதெல்லாம் கீச்சென்று கத்தியது. அடுத்த மலைவரை கேட்டது. கைக்குழந்தைக்காரிகள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். நேரங்கெட்ட நேரத்தில் போவது துரை கண்ணில் பட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். இப்போது சத்தம் கேட்டதுமே ஓடி வந்து தேயிலை நிரையில் நின்றுகொண்டார்கள். பெல்ட்டை இறுக்கப் போன அழகுமுத்துவை அவர் மனைவி பூரணிதான் தடுத்தாள்.

"அப்புடியே கெடக்கட்டுங்க. புள்ளைங்க வயிறு நெறையுது."

விட்டுவிட்டார். துரை முகம் சுளித்தால், "மழைக்கு அப்புடித்தாங்க தொர" என்பார். துரை கொழும்புக்குப் போகும் நாளில் இறுக்குவார், திரும்பியதும் தளர்த்துவார். தளர்ந்த பெல்ட் வழுக்கிச் சூடேறித் தேயும் என்பது அவருக்கா தெரியாது? தினமும் விரலால் தடவிப் பார்த்துப் பயந்துகொண்டேதான் ஓட்டினார். லயத்து வீடுகளில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவரைக் கண்டால் பெண்கள் ஒரு மரியாதையோடு சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகுமுத்து லீவு. துரையே ஜீப்பை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குக் கிளம்பினார். ஏற்றத்தில் பெல்ட் அறுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது, சூடு காட்டும் முள் உச்சிக்குப் போனது, மனிதர் நிறுத்தவே இல்லை. எஞ்சின் வெந்து இறுகிய பிறகுதான் இறங்கினார். நிறுத்தியிருந்தால் ஒரு பெல்ட்டோடு போயிருக்கும். ஆனால் பழி டிரைவர் தலையில் விடிந்தது.

விசாரணையில் துரை கேட்டார். "ஏன் பெல்ட் இறுக்க இல்ல?"

உண்மையைச் சொன்னால் அத்தனை பெண்களும் மாட்டுவார்கள். "மறந்துட்டேங்க" என்றார் அழகுமுத்து.

பக்கத்தில் நின்ற தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமியின் மகளும் ஒரு கைக்குழந்தைக்காரி. அவர் ஏதாவது பேசுவார் என்று நம்பினோம். "எஞ்சினே போயிருச்சு, நாங்க என்னாங்க பேசுறது?" என்று கையை விரித்தார். அன்றே டிரைவர் வேலை போயிற்று. மறுநாள் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து அழகுமுத்துவைத் தேயிலைச் செடி வெட்ட அனுப்பினார்கள்.

புது எஞ்சின், புது டிரைவர், இறுக்கிய பெல்ட். ஜீப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. முதல் வாரமே ஐந்து பெண்களுக்கு அரைப்பேர் விழுந்தது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பெண்களின் பேச்சு சூடாக நடந்தது. "அந்தாளு பெல்ட்ட ஒழுங்கா பாத்திருந்தா நமக்கு இந்தக் கதி வருமா?"

பூரணி குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் அழுதுகொண்டே சொன்னாள். அழகுமுத்து கத்தி பிடித்துக் கொப்பளித்திருந்த கையை ஊதிக்கொண்டிருந்தார்.

"யாரு சொன்னது?"

"எல்லாருந்தாங்க."