பித்தளைப் பேனாவும் கராஜ் கம்பளமும்

பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக்கும் தாட்சாயினி வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை வேலிதான். அந்தப் பக்கம் கடைசல் இயந்திரம் ஓடினால் இந்தப் பக்கம் என் சமையலறை ஜன்னல் அதிரும். முதல் தடவை சண்டை போடத்தான் போனேன். போனவள் ஒரு பேனா வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். என் கோபத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

தாட்சாயினி வாரநாட்களில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். சனி ஞாயிறுகளில் கராஜில் பேனா செய்கிறார், அதுவும் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில். அவர் ஊர்ப் பேச்சில் அந்தக் கூட்டுக்குப் பெயர் கோது. மரக்கடைசல் கிளப்பில் பழக்கமான ஒரு வெள்ளைக்காரர், துப்பாக்கி சுடும் மைதானத்தில் பொறுக்கியதை ஐஸ்கிரீம் டப்பாவில் அள்ளிவந்து கொடுப்பார். அழுக்குப் போகக் கழுவி, அடியைத் துளைத்து, ரீஃபில் போகிற குழாயைச் செருகி, சுழலவிட்டு மெருகேற்றினால் தங்கம் தோற்றுவிடும். ஏப்ரலில், போரில் இறந்த இந்த நாட்டுச் சிப்பாய்களை நினைவுகூரும் அன்சாக் நாள் நெருங்கும்போது ஞாயிற்றுச் சந்தையில் அவர் மேசையைச் சுற்றித்தான் கூட்டம்.

உலகத்தில் வேறு பொருளா கிடைக்கவில்லை என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“சும்மா கிடந்தா கோது, கலாக்கா. எழுத வைச்சா பேனை” என்றார். 

அந்தக் கராஜில் எனக்குப் பிடிபடாத விஷயம் இன்னொன்றும் உண்டு. தரை முழுக்கத் தடித்த கார்ப்பெட். யாரோ வீட்டைக் காலி செய்தபோது தெருவோரம் போட்டுவிட்டுப் போனது. பித்தளைச் சீவல் அதில் சிக்கிக்கொண்டு கூட்டவும் வராது, உறிஞ்சவும் வராது. புத்தியுள்ள யாராவது பட்டறையில் கம்பளம் விரிப்பார்களா? கேட்டால், “கால் குளிருது அக்கா” என்பார். இங்கே டிசம்பர்தான் கோடை; வெயில் நாற்பதைத் தொடும்போதும் அதே பதில். “உங்க காலை மட்டும் தனியா ஃப்ரிட்ஜில வச்சிருக்கீங்களா?” என்று நானும் விடாமல் கிண்டல் செய்வேன்.

கணவரைப் போரின் கடைசி மாதங்களில் பறிகொடுத்தவர் அவர். படகில் வந்து இறங்கியபோது மகன் லக்சன் சிறுவன். தற்காலிக விசாவில் வருடக்கணக்காகத் தொங்கிக் கிடந்து, நிரந்தர விசா கைக்கு வந்த பிறகுதான் அவன் கல்யாணப் பேச்சையே எடுத்தார். குவேக்கர்ஸ் ஹில் பெண், நிவேதிகா. கல்யாணத்தைச் சட்டப்படி பதிவு செய்வதைத் தாட்சாயினி ஊர்க்காரர்கள் எழுத்து என்பார்கள். தாலி கட்டுக்கு முன்பே அதற்கென்று தனியாக ஒரு நாள் வைப்பார்கள். இரண்டு அம்மாக்களும் சாட்சிக் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. அந்த நாளுக்கென்று தாட்சாயினி ஒரு பேனா கடைந்தார். அதுவரை அவர் செய்ததெல்லாம் அதன் கால் தூசி பெறாது.

எழுத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது லக்சன் தயங்கித் தயங்கிச் சொன்னான். நானும் அங்கேதான் இருந்தேன்.

“அம்மா, மாமிக்கு அந்தப் பேனை ஓகே இல்லையாம். மேசையில வைக்கவே வேண்டாமாம். ப்ளீஸ், நோர்மல் பேனை ஒண்டு வைப்பம்.”

மாமி என்றால் நிவேதிகாவின் அம்மா சிவகௌரி. அவருடைய கணவரை யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். அது தாட்சாயினிக்கும் தெரியும். தெரிந்தும் முகம் இறுகிவிட்டது.

“நானோ அவவின்ர மனுசனைச் சுட்டனான்? என்ர பேனை வேண்டாமெண்டா நானும் வேண்டாம். வேற ஆரையும் கொண்டு கையெழுத்து வையுங்கோ.”

சொன்னபடியே பிடிவாதமாக இருந்தார். மகனுக்குச் சோறு போட்டார். முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் என் வீட்டில் வந்து உட்கார்ந்து, “அம்மா வராட்டி நான் சைன் பண்ண மாட்டன், அன்ரி” என்று கண் கலங்கினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்பரை வாங்கிச் சிவகௌரிக்கே போன் போட்டேன்.

“ஏங்க, ஒரு பேனாவுக்காகப் பெத்தவளையே ஒதுக்கி வப்பீங்களா? அவங்க என்ன வேலை செய்றாங்கன்னு ஒரு தடவை வந்து பாத்துட்டுப் பேசுங்க!”

 “சனிக்கிழமை வாறன்” என்றார் அவர்.

வந்தார். கையில் ஒரு பை நிறையக் கறிவேப்பிலை. மனத்தாங்கலோடு வந்தாலும் வெறுங்கையோடு வரத் தெரியாதவர். தாட்சாயினி இயந்திரத்தை நிறுத்தினார். வாங்கோ என்று சொல்லவில்லை. சிவகௌரி கராஜ் வாசலிலேயே நின்று பேசினார்.

“நான் உங்களைக் குறை சொல்லேல்லை அக்கா. அவரைச் சுடேக்க நான் அறைக்குள்ள, பிள்ளையின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். வெடிச் சத்தம் மறந்து போச்சு. கோது சீமெந்தில விழுந்து உருண்ட சத்தம்தான் இன்னும் போகேல்லை. கரண்டி விழுந்தாலும் நெஞ்சு பதறும். அந்தப் பேனையை மேசையில வைக்கிற சத்தம்… என்னால ஏலாது.”

  சிவகௌரி வீட்டுக்குள் நுழைகிற பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தார். வைத்தவர் குனிந்து பார்த்தார்.

“கராஜுக்குள்ள ஏன் கார்ப்பெட்?”

கால் குளிருது என்ற பதிலுக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை.

“பங்கருக்குள்ளயிருந்து வெளியில வந்து என்ர மனுசனைத் தேடேக்க நிலமெல்லாம் கோது” என்றார் தாட்சாயினி. “மிதிக்க மிதிக்கக் கிணுங்கிச்சுது. இஞ்ச வேலை தொடங்கின அண்டைக்கு ஒண்டு கைதவறிச் சீமெந்தில விழுந்துது. பின்னேரமே ரோட்டில கிடந்த இதை இழுத்துக்கொண்டு வந்து விரிச்சனான்.”

எத்தனை வருடக் கிண்டல்! எனக்கு என்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

சிவகௌரி மேசையிலிருந்த அந்தப் பேனாவை எடுத்தார்.  கையை நீட்டி, பேனாவைக் கீழே விட்டார். இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. குனிந்து எடுத்து இன்னொரு முறை விட்டார். அப்போதும் இல்லை. தாட்சாயினி அழத் தொடங்கினார்.

“நான் வேற பேனை கொண்டு வாறன்” என்றார் அழுகையினூடே.

“வேண்டாம். இதையே கொண்டு வாங்கோ” என்றார் சிவகௌரி. “மேசையில மட்டும் வைக்காதேங்கோ.”

எழுத்து சிவகௌரி வீட்டு ஹாலில் நடந்தது. கண்ணாடி மேசை. லக்சன் கையெழுத்துப் போட்ட பதற்றத்தில் சொன்னதை மறந்து பேனாவை மேசையில் வைக்கப் போனான். அதற்குள் சிவகௌரி உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டார். நிவேதிகாவுக்குக் கொடுத்தார், திரும்ப வாங்கிக்கொண்டார். தாட்சாயினிக்குக் கொடுத்தார். தாட்சாயினி கையெழுத்துப் போட்டு, நீட்டியிருந்த அதே உள்ளங்கையில் மெதுவாகப் படுக்க வைத்தார்.

பதிவு செய்ய வந்த பெண் அடுத்த சாட்சி யார் என்று கேட்டுத் தன் பிளாஸ்டிக் பேனாவை நீட்டினார். சிவகௌரி அதை வாங்கவில்லை. பேனா ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.