கட்சி நியமித்த எதிர்க்கட்சிக்காரர்

ஐம்பத்தொரு வயது வரை நம்ஜில் யாரிடமும் "மாட்டேன்" என்று சொன்னதில்லை. அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பிற்காலத்திலும் அதே வாக்கியத்தைச் சொன்னார், ஆனால் தலையில் அடித்துக்கொண்டு.

கோபிப் பாலைவனத்தின் ஓரத்தில் உலான்தோஹோய் என்று ஒரு சின்ன வட்டாரம். நடுவில் கட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கலாசார மன்றம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஆடும் ஒட்டகமும். நம்ஜில் அந்த மன்றத்தின் பொறுப்பாளர். படம் போடுவது, விழாவுக்குப் பாடகர்களைத் திரட்டுவது, சிவப்புத் துணியில் வாசகம் எழுதுவது, கட்சிக் கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்குவது எல்லாம் அவர் வேலை. கடைசி வேலை எந்த உத்தரவிலும் கிடையாது. ஆனால் அவர் கையைப் பார்த்துத்தான் மற்ற கைகள் எழும்பும். ஒருமுறை தோள் வலிக்கிறதே என்று கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தாராம், கம்பளி உற்பத்தி பற்றிய தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டதாம்.

தேர்தல் நடத்துவதும் அவர்தான். சீட்டில் ஒரே பெயர் இருக்கும். மேய்ப்பர்கள் நல்ல உடை உடுத்திக் குதிரையில் வந்து, சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, மன்றத்துக் கடையில் மிட்டாய் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு வருஷம், மதியத்துக்கு மேல் காற்றடித்தால் டெலிபோன் கம்பி அறுந்துவிடும் என்று பயந்து, காலை ஆறு மணிக்கே மாவட்டத் தலைநகருக்கு முடிவைச் சொல்லிவிட்டார். வாக்குப்பதிவு தொடங்குவதோ ஏழு மணிக்கு. மறுமுனையில் இருந்தவர் பாராட்டவில்லை. "இப்பத்தான் சொல்றீங்களா? பக்கத்து வட்டாரத்துல நேத்தே சொல்லிட்டாங்க" என்று கடிந்துகொண்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் 1990 வந்து சேர்ந்தது. தலைநகரின் சதுக்கத்தில் இளைஞர்கள் பல கட்சி ஆட்சி கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். கட்சி மேலிடம் மொத்தமாக ராஜினாமா செய்தது. நாட்டை வழிநடத்துவது ஒரே கட்சி என்ற வரியைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டதாக வானொலி சொன்னது. அந்த வாரம் எந்த வாசகத்தைத் தொங்கவிடுவது என்று நம்ஜிலுக்குப் புரியவில்லை. மூன்று நாள் யோசித்து, "வசந்தமே வருக" என்று எழுதித் தொங்கவிட்டார். அதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பினார். அன்று மாலையே பனிப்புயல் அடித்தது.

ஜூன் மாதம் வட்டாரக் கட்சிச் செயலாளர் ஷாரவ் கூப்பிட்டனுப்பினார். ஷாரவ் நம்ஜிலைவிட ஆறு வயது இளையவர். உத்தரவு போடும்போது "தோழர் நம்ஜில்" என்பார். உதவி வேண்டுமென்றால் "நம்ஜில் அண்ணே" என்பார். அன்றைக்கு வாசலிலேயே "வாங்கண்ணே" என்றார்.

"அண்ணே, அடுத்த மாசம் தேர்தல். வட்டாரச் சபைக்கு நான் நிக்கிறேன். எதிர்த்து நிக்க ஒரு ஆள் இல்ல."

"நல்லதுதானே தலைவரே."

"எங்க நல்லது? பல கட்சித் தேர்தல்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. நம்ம வட்டாரத்துல மட்டும் ஒத்தப் பேருன்னா, மக்கள அமுக்கி வச்சிருக்கேன்னு மாவட்டத்துல என்னைத்தான் கேப்பாங்க. தலைநகர்ல புதுசா நாலஞ்சு கட்சி வந்திருக்கு. அதுல ஒண்ணுக்கு இங்க கிளை வேணும். நீங்க ஆரம்பிங்க."

"நான் நம்ம கட்சியில இருபத்தேழு வருஷமா இருக்கேன், தலைவரே!"

"அதனாலதான் உங்கள நம்பறேன். வேற எவனாவது நின்னா நெஜமாவே எதிர்ப்பான்."

நம்ஜில் வாயைத் திறந்தார். "மாட்டேன்" என்ற சொல் தொண்டை வரை வந்து, பழக்கமில்லாத வழியாதலால் திரும்பிப் போய்விட்டது. "சரிங்க தலைவரே" என்றார். கட்சியின் கட்டளையை ஏற்று அவர் கட்சியை விட்டு விலகினார்.

முதல் பேச்சை ஒரு வாரம் உட்கார்ந்து எழுதி, ஷாரவிடம் ஒப்புதலுக்குக் கொண்டுபோனார். ஷாரவ் பேனாவோடு படித்தார்.

"'செயலாளர் சோம்பேறி'யா? என்னண்ணே இது?"

"கடுமையா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"கடுமையா இருக்கட்டும். நியாயமா இருக்க வேணாமா? 'சில நேரம் தாமதம் ஏற்படுகிறது'ன்னு போடுங்க. அதுக்குப் பக்கத்துல 'ஆனாலும் உழைப்பாளி.'"

திருத்தி முடித்தபோது அது செயலாளரின் பிறந்தநாளுக்கு எழுதிய வாழ்த்து மடல் போல இருந்தது. நம்ஜில் அதைத் தன் கம்பளிக் கூடார வீட்டுக்குக் கொண்டுவந்து, நடுவில் நின்று உரக்கப் படித்துப் பழகினார். அவர் மனைவி செவெல்மா அடுப்பில் உப்புத் தேநீரைக் கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ யாரை எதிர்க்கிற?" என்றாள்.

"ஷாரவை."

"கேக்கறவங்களுக்கு நீ அவருக்குப் பொண்ணு கேக்க வந்த மாதிரி இருக்கு."

"எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லடி."

"எனக்குத்தான் முப்பது வருஷப் பழக்கம் இருக்கே, நான் நிக்கிறேன். நீ தேநீர் போடு."

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் சிரித்து வைத்தார்.

பிரசாரக் கூட்டம் மன்றத்தில் நடந்தது. ஷாரவ் முதலில் பேசி அமர்ந்தார். நம்ஜில் எழுந்து தாளைப் பிரித்து, "தோழர் ஷாரவின் பணியில் சில நேரம் தாமதம் ஏற்படுகிறது" என்று தொடங்கியபோது, பின்வரிசையிலிருந்து யான்ஜிவ் எழுந்தாள். நாற்பது வயது, ஒட்டகம் மேய்ப்பவள். காற்றை மீறிக் கத்திப் பழகிய குரல்.

"நம்ஜில் அண்ணா, அந்தத் தாளை மடிச்சு வைங்க. வடக்குக் கிணத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க. நாலு வருஷமா தண்ணி இல்ல. முப்பது கிலோமீட்டர் போய் ஒட்டகத்துல கொண்டு வர்றேன். போன கோடையில எழுபது ஆடு செத்துச்சு. இந்த மன்றத்துச் செவுத்துல 'வடக்குக் கிணறு பழுது பார்க்கப்பட்டது'ன்னு சிவப்புல எழுதியிருக்கே, யார் எழுதினது?"

நம்ஜில் தாளில் பார்த்தார். அதற்கான பதில் அங்கே இல்லை. ஷாரவைப் பார்த்தார். ஷாரவ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா எழுதினேன்" என்றார் நம்ஜில்.

யான்ஜிவ் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல. எழுதச் சொன்னாங்க, எழுதினேன். எழுத்து அழகா வந்திருக்குன்னு மாவட்டத்துல எனக்கு ஒரு பட்டயம்கூடக் குடுத்தாங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நம்ஜிலும் சிரிக்கப் பார்த்தார். ஆனால் எழுபது ஆடு என்றால் எவ்வளவு என்று தெரிந்த மனிதர் அவர். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அந்தப் பட்டயத்த நான் வாங்கியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்நாளில் ஒப்புதல் வாங்காமல் மேடையில் பேசிய முதல் வாக்கியம் அது. உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி தடதடத்தது. மற்றவர்கள் அதை வீரம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாற்காலியின் ஒரு கால் குட்டை என்று அவர் எத்தனையோ முறை விளக்கிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

ஜூலைக் கடைசியில் வாக்குப்பதிவு. இந்த முறை சீட்டில் இரண்டு பெயர்கள். வேண்டாத பெயரை அடிக்க வேண்டும். தடுப்புக்குள்ளே பென்சிலைப் பிடித்துக்கொண்டு நம்ஜில் வெகுநேரம் நின்றார். ஷாரவின் பெயரை அடிக்கப் போனால் யாரோ தோளுக்குப் பின்னால் நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் துணிதான். கடைசியில் தன் பெயரை அடித்துவிட்டு வெளியே வந்தார்.

வேறு ஆட்கள் எண்ணினார்கள். நிஜமாகவே எண்ணியதால் மறுநாள் மதியம் வரை ஆனது. ஷாரவுக்கு முந்நூற்று எண்பத்தாறு. நம்ஜிலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.

"எனக்கு யாரு போட்டது?" என்று வீட்டுக்கு வந்து மிரண்டுபோய்க் கேட்டார்.

"நான் போடல" என்றாள் செவெல்மா. "ரெண்டு பேரையும் அடிச்சுட்டேன். நீ?"

நம்ஜில் கிண்ணத்தை முகத்தில் கவிழ்த்துத் தேநீரைக் குடித்தார். அதற்குப் பிறகு அவளிடம் எத்தனையோ ரகசியங்களைச் சொன்னார். இதை மட்டும் சொல்லப் பதினொரு வருஷம் ஆனது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தோற்றவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைத்தவர் தவறாக நினைத்தார். மறுநாளே ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து, பள்ளி விடுதியில் கூரை ஒழுகுகிறது என்றான். அடுத்தவன் மாவு வரவில்லை என்றான். "நான் தோத்தவன்ப்பா, ஷாரவ் கிட்டப் போ" என்றார் நம்ஜில். "அவர் கிட்டப் போய்ட்டுதான் வர்றேன். நீங்கதானே எதிர்க்கட்சி" என்றான் அவன். யான்ஜிவ் குதிரைப்பால் கள்ளோடு வந்து உட்கார்ந்து, கிணற்றைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

போனார். எட்டிப் பார்த்தார். அடியில் மணலும் ஒரு செத்த கழுகும் கிடந்தன. நான்கு வருஷமாக அழகான எழுத்தில் நிறைந்திருந்த கிணறு. அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து யான்ஜிவ், "எந்திரிங்கண்ணா, வெயில் ஏறுது" என்றாள்.

அன்றிலிருந்து வட்டாரக் கூட்டம் ஒவ்வொன்றிலும் நம்ஜில் எழுந்து, வடக்குக் கிணறு எப்போது சரியாகும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். மூன்றாவது கூட்டத்தில் ஷாரவ் அவரைத் தனியே இழுத்தார்.

"அண்ணே, தேர்தல் முடிஞ்சுபோச்சு. நிறுத்திக்கலாம்."

"அந்த இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் நீங்களே சொல்லிடுங்க தலைவரே. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

அடுத்த வருஷம் வடக்குக் கிணற்றுக்குத் துளையிடும் வண்டி வந்தது. அது தன் சாதனை என்று நம்ஜில் ஒருநாளும் சொல்லவில்லை. தன் தொல்லை தாங்காமல் வந்தது என்பார். பிறகு இரண்டு முறை தேர்தலில் நின்றார், இரண்டு முறையும் தோற்றார். வாக்குகள் மட்டும் கூடிக்கொண்டே போயின.

ஆறு வருஷம் கழித்து ஷாரவும் தோற்றார், நேற்று வந்த ஒரு பள்ளி ஆசிரியையிடம். மூன்றாம் நாள் நம்ஜிலின் கூடாரத்துக்கு வந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, தோத்தா என்ன பண்ணணும்? எனக்குப் பழக்கமில்ல."

நம்ஜில் யோசித்தார். ஒரு விஷயத்தில் ஷாரவைவிட அனுபவசாலி ஆகியிருப்பது அவருக்கே வேடிக்கையாக இருந்தது.

"மொத ரெண்டு நாள் வெளியே வரக் கூடாது. அத நீங்க செஞ்சுட்டீங்க. மூணாம் நாள் வயிறு பசிக்கும்."

செவெல்மா ஆட்டுக்கறிக் கொழுக்கட்டைத் தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள். ஷாரவ் ஒன்றை எடுத்துக் கடித்தார். சூடான சாறு முகவாயில் வழிந்தது. துடைக்காமலே இன்னொன்றை எடுத்தார்.