தொண்டூருக்குப் போன நரி

செஞ்சியில் இளையபெருமாளுக்குப் பிணம் ஏற்றும் வேலை. வண்டியின் இரண்டு பக்கமும் ‘அமரர் ஊர்தி’ என்று எழுதியிருக்கும். டீக்கடைக்காரர் அவரை நன்றாகத்தான் உபசரிப்பார். வண்டியை மட்டும் நாலு கடை தள்ளி நிறுத்தச் சொல்வார்.

போகும்போது ஆள் இருக்கும். திரும்பும்போது வண்டி காலி. அந்தக் காலி வண்டியில்தான் ரோட்டோரம் அடிபட்டுக் கிடக்கும் காட்டு உயிர்களை அவர் ஏற்றிவர ஆரம்பித்தார். முதலாவது ஒரு மரநாய். அனந்தபுரம் ரோட்டில் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்து, மேலும் வண்டிகள் ஏறாதபடி ஓரமாக இழுத்துப்போட வாலைப் பிடித்தார். கடித்துவிட்டது.

“செத்தவங்களயே தூக்கித் தூக்கி, உசுரோட இருக்கறத எப்பிடித் தொடணும்னே மறந்து போச்சு” என்று மனைவி மகாலட்சுமியிடம் சொன்னார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் ரஞ்சனி, “யாருது இது?” என்று கேட்டார்.

“ரோட்டுது மேடம்.”

அதற்குப் பிறகு கீரி, மயில், உடும்பு என்று வந்துகொண்டே இருந்தன. பெரியாஸ்பத்திரியில் ஊசி போடும் அம்மா அவரைப் பார்த்ததும், “இந்த வாட்டி இன்னா கடிச்சுது?” என்றுதான் கேட்பார். வனக்காவலர் ஜெயராமன் பழக்கமானார். காட்டு உயிர்களை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை, உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று அவர்தான் விளக்கினார். மகாலட்சுமிக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது.

ஒரு நாள் காலை, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோன அமிர்தவல்லி அம்மாளை அவருடைய ஊரான தொண்டூருக்குக் கொண்டுபோகும் வேலை. மகன் தனகோட்டி விவசாயி, முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மகள் கவிதா பள்ளிக்கூட ஆசிரியை. பின்னால் அம்மாவின் தலைமாட்டில் இருந்தார். செஞ்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இளையபெருமாளின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. சாலையோரம் ஒரு நரி கிடந்தது. வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“எதுக்கு ஸ்லோ பண்ற?” என்றார் தனகோட்டி.

“ஒண்ணுமில்லண்ணா. நரி. உசுரு இருக்குது.”

“எங்கம்மாவ வச்சிக்கினு நரிய வேடிக்க பாக்கறியா? அங்க மேளம்லாம் வந்து காத்துக்கினு இருக்குது.”

இளையபெருமாள் கியரை மாற்றினார். வண்டியில் ஆள் இருக்கும்போது அவர் இதுவரை எதற்கும் நிறுத்தியதில்லை. அது தொழிலில் மரியாதை. நரி கண்ணாடியில் பின்னால் போய்ச் சின்னதானது.

பின்னாலிருந்து கவிதா சொன்னார்: “நிறுத்துங்க. அம்மாவுக்கு இனிமே இன்னா அவசரம்?”

தனகோட்டி தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.  வண்டி பின்னோக்கி வந்தது.

இளையபெருமாள் சாக்கை நரியின் தலைமேல் போட்டு மூடினார். கண் மறைந்ததும் அது அடங்கியது. ஒரு பின்னங்கால் முறிந்து தொங்கியது. வண்டியில் எப்போதும் கிடக்கும் பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டியில் அதைத் தூக்கி வைத்து, மேலே இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினார். பின்னால் இடமில்லை. தனகோட்டியின் காலடியில் வைத்தார். பிணத்தோடு வந்த வழியே திரும்பக் கூடாது என்று தனகோட்டி சொல்லிவிட்டதால், ஜெயராமனுக்குப் போன் செய்து தொண்டூருக்கே வரச்சொன்னார்.

வண்டி மறுபடி கிளம்பியது.

“நரி மொகத்துல முழிச்சா நல்லதுன்னுவாங்க” என்றார் இளையபெருமாள், ஆறுதலாக.

“எங்கம்மா செத்துட்டாங்கய்யா” என்றார் தனகோட்டி.

இளையபெருமாள் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

தொண்டூரில் அம்மாளை இறக்கிப் பெஞ்சில் கிடத்தினார்கள். ஒப்பாரி உச்சத்தில் இருந்தபோது காக்கிச் சட்டையோடு ஜெயராமன் பைக்கில் வந்து இறங்கினார். ஒப்பாரி நின்றது. மேளமும் நின்றது. போலீஸ் வருகிற அளவுக்கு என்ன சாவு இது என்று சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயராமனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் ஒருவர் வைத்திருந்த மாலையை வாங்கி அம்மாளுக்குப் போட்டுவிட்டு, கைகூப்பி நின்றார்.

“யாரு சார் நீங்க?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“நரிக்கு வந்தேன்.”

தனகோட்டி எழுந்து வந்து, “நம்ம வண்டில வந்ததுதான்” என்று கூட்டத்துக்குச் சொன்னார்.  மேளம் மறுபடி தொடங்கியது.

பைக்கில் நரியைக் கொண்டுபோக முடியாது. ஜெயராமன் அமரர் ஊர்தியில் ஏறிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். செஞ்சிக் கடைத்தெருவில் வண்டியைப் பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே நரி லேசாக ஊளையிட்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

டாக்டர் ரஞ்சனி காலுக்குக் கட்டுப் போட்டார். பிழைக்குமா என்று கேட்டதற்கு, “பாக்கலாம்” என்றார். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் அவர் அப்படித்தான் சொல்வார். வனத்துறைக் கூண்டில் நரி முதலில் எதையும் தின்னவில்லை. பிறகு தின்றது. பிறகு ஜெயராமனின் பெல்ட்டையும் தின்றது.

காரியம் முடிந்த மறுநாள் தனகோட்டியிடமிருந்து போன் வந்தது. ஏதோ சண்டைக்குத்தான் என்று நினைத்தார் இளையபெருமாள்.

“அது எப்பிடி இருக்குது?”

“தேறிக்கினு வருதுண்ணா.”

“வுடும்போது சொல்லு.”

காடு இருக்கும் மலையடிவாரத்தில் நரியை விட்ட அன்று தனகோட்டி மொட்டைத் தலையோடு வந்தார். கவிதா புளிசாதம் கட்டிவந்திருந்தார். ஜெயராமன் கூண்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார். நரி வெளியே வரவில்லை. மூலையில் சுருண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. சாப்பிடலாம் என்றார் கவிதா. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புளிசாதம் அம்மா பக்குவத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டு, தனகோட்டி இரண்டாவது முறை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது. காரம் என்றார்.

கை கழுவிவிட்டுத் திரும்பியபோது கூண்டு காலியாக இருந்தது. எப்போது போனது, எந்தப் பக்கம் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

“நொண்டிச்சா?” என்று கேட்டார் தனகோட்டி.

“தெரியலண்ணா” என்றார் இளையபெருமாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூண்டை வண்டியில் ஏற்றினார்கள்.